கஞ்சி மட்டும்

"வாயைத் திற. நல்லாத் திறடி. இந்தா அஜீஸா, நீயே மோந்து பாரு. பூண்டு வாடை அடிக்குதா இல்லையா?"

"அடிச்சா என்னக்கா? இந்தத் தெருவுல பூண்டு உரிக்கிறவ நான் ஒருத்திதானா?"

"நோன்பு மாசத்துல பட்டப்பகல்ல அடுப்பு எரியுற வீடு இந்த வரிசையில உன் வீடு ஒண்ணுதான்டி."

"பால் குடுக்குறவ நோன்பைப் பெறகு வச்சுக்கிறலாம்னு பள்ளிவாசல் ஹஜரத்தே சொல்லிட்டாரு. நீங்க அவருக்கு மேல ஓதுனவகளா?"

"நீ தின்னு. சட்டியோட தின்னு. எம் பிள்ளைக்கு எதுக்கு ஊட்டுனே?"

இரண்டு பேருக்கும் நடுவில் வாயைத் திறந்தபடியே நின்றாள் ராபியா. எட்டு வயது. மூடச் சொல்லி யாரும் சொல்லாததால் மூடவில்லை. காலையிலிருந்து பெய்த கார்த்திகை மழை அப்போதுதான் விட்டிருந்தது. ஓட்டு விளிம்பில் சொட்டிய தண்ணீர் அவள் உச்சந்தலையில் விழுந்து, பணியாரம் போல உப்பியிருந்த இமைகளின் மேல் வழிந்தது.

எதிர்வரிசையில் மூன்று கதவுகள் ஒரு சாண் திறந்தன. நோன்பு வைத்துக்கொண்டு அடுத்த வீட்டுச் சண்டையைக் கேட்கக் கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும். கதவைத் திறந்தது காற்றுக்காக.

"சத்தியமா நான் குடுக்கலைக்கா," என்றாள் அஜீஸா. இடுப்பில் இருந்த மூன்று மாதக் குழந்தை இந்தக் கூச்சலிலும் தூங்கியது. "உங்க பிள்ளைகிட்டயே கேளுங்களேன்."

"கேக்காமயா இருப்பேன்? ராபியா, என்ன தின்னே?"

"ஒண்ணும் திங்கலம்மா."

"அல்லா மேல ஆணையா?"

"ஆணையா ஒண்ணும் திங்கல."

பல்கீஸ் மகளின் உள்ளங்கையைப் பிடித்து மூக்கருகே வைத்து இழுத்து மோந்தாள். நோன்பாக இல்லாவிட்டால் நக்கியே பார்த்திருப்பாள். போன மாதமெல்லாம் அப்படித்தான் பார்த்தாள். வெளியே போய் வந்த பிள்ளையின் விரல்களை ஒவ்வொன்றாக நாக்கில் வைத்து, உப்புக் கரிக்கிறதா என்று சோதித்த பிறகுதான் வீட்டுக்குள் விடுவாள்.

"இனிமே உன் வாசல்ல எங்க வீட்டுக் காலு படாது," என்றாள்.

"படவேணாம். நான் என்ன வெத்தலை பாக்கு வச்சா கூப்பிட்டேன்," என்றாள் அஜீஸா. கதவு சாத்தப்பட்டது. எதிர்வரிசையிலும் காற்று போதும் என்று ஆகிவிட்டது.

பல்கீஸை அன்று குறை சொல்ல முடியாது. குறை சொன்னவர்கள் இல்லாமல் இல்லை.

ஆவணியில் ராபியாவுக்கு முகம் வீங்கியது. கண் பட்டது என்று மிளகாய் சுற்றிப் போட்டார்கள். பிறகு கால் வீங்கியது, வயிறு வீங்கியது, பாவாடை நாடா எட்டவில்லை. மெய்யநாதன் டாக்டரிடம் தூக்கிப் போனபோது அவர் பிள்ளையின் கணுக்காலில் பெருவிரலை வைத்து அழுத்தினார். பிசைந்த மாவில் விழுந்ததுபோல் குழி விழுந்து அப்படியே நின்றது. உடம்பிலே இருக்க வேண்டிய சத்து சிறுநீரில் ஒழுகுகிறது, உள்ளே போகிற உப்பு தண்ணீரைக் கட்டி வைத்துக்கொள்கிறது என்றார். மாத்திரை எழுதினார். "இந்த மாத்திரை பசியக் கிளப்பும். பிள்ளை அகோரமாக் கேக்கும். மனசு எளகிறாதீங்க. உப்பு ஒரு கல்லு கூடாது. உப்பில்லாத கஞ்சி, சீனி போட்ட இடியாப்பம், பழம், முட்டையில வெள்ளைக்கரு. தண்ணிகூட அளந்துதான். வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை எடை பாக்கணும்."

தெருவில் பாதி வீடுகளுக்குக் காலையில் பசியாற பல்கீஸின் இடியாப்பம்தான். புருசன் ஜெகபர் சாதிக் பினாங்கில் ஜவுளிக்கடையில் நின்றான். அவன் கடிதம் வருகிற வேகத்துக்கு அடுப்பு காத்திருக்காது என்று அவள் பச்சரிசியை ஊறவைத்து, இடித்து, சலித்து, வறுத்து, நாழியில் பிழிந்து, தட்டுத் தட்டாக அவித்தாள். நோன்பு மாதத்தில் சாயந்தரம் மசால் வடை. ஊருக்கெல்லாம் ஆக்கிப் போடுகிறவள் வீட்டுக்குள் பசி பசி என்று ஒரு பிள்ளை சுவரைப் பிறாண்டிக்கொண்டு கிடந்தது. தெரு அதைப் பார்த்து வருத்தப்பட்டது, கொஞ்சம் ரசிக்கவும் செய்தது.

பல்கீஸ் உப்பு மரவையை உறியில் தூக்கி வைத்தாள். கருவாட்டுப் பானையை அண்ணன் வீட்டுக்குக் கொடுத்தனுப்பினாள். பூமிநாதன் மளிகைக் கடை உப்பு மூட்டை எப்போதும் வாசலில்தான் கிடக்கும், உப்பை யார் திருடப் போகிறார்கள் என்று. அதை அவள் போய்ச் சண்டை போட்டுச் சாக்கால் மூடவைத்தாள். பிறகு வீடு வீடாக வாசலில் நின்று தண்டோரா போட்டாள்.

"பாவம்னு யாரும் கையில எதையும் குடுத்துராதீக. முறுக்கு வேணாம், ஊறுகா வேணாம். டாக்டரு கஞ்சி மட்டும்தான் குடுக்கச் சொல்லியிருக்காரு. கேட்டுச்சா? கஞ்சி மட்டும்."

அது புரட்டாசி மாதம். அறுபத்தெட்டாம் வருடம். அப்போது கஞ்சி என்றால் கஞ்சிதான்.

இருபத்தாறு கிலோ இருந்த பிள்ளை ஐந்து வாரத்தில் இருபதுக்கு இறங்கியது. கண் திறந்தது, கால் மெலிந்தது. டாக்டர் சிரிக்கக்கூடச் செய்தார். பிறகு நோன்பு பிறந்தது. முதல் வெள்ளிக்கிழமை இருபதரை. சண்டை நடந்த அன்று, அது இரண்டாவது வெள்ளி, காலையில் இருபத்திரண்டு.

"யாரோ உப்புக் குடுக்குறீங்க," என்றார் டாக்டர்.

"என் கையால குடுக்கலைங்க."

"கை யாருதா இருந்தா என்ன. அடுத்த வெள்ளிக்கிழமையும் முள்ளு ஏறுச்சுனா மதுரைக்குத் தூக்கிட்டுப் போயிருங்க. அதுக்குப் பெறகு நான் சொல்றதுக்கு ஒண்ணுமில்லை."

மதுரை என்றால் பல்கீஸுக்குத் தெரியும். போன வருடம் இதே வீக்கம் கண்ட சின்னச்சாமி மகனைப் பஸ்ஸில் மதுரைக்குக் கொண்டுபோனார்கள். வரும்போது வாடகைக் கார் பிடித்து வந்தார்கள். போகும்போது இல்லாத அவசரம் வரும்போது ஏன் என்று யாரும் கேட்கவில்லை. டாக்டர் வீட்டிலிருந்து திரும்புகிற வழியெல்லாம் பல்கீஸ் அந்தக் காரையே மனசுக்குள் பார்த்துக்கொண்டு நடந்தாள். சாயந்தரம் பிள்ளையின் வாயில் பூண்டு மணத்தபோது, தெருவில் பகலில் சமைக்கிற ஒரே வீட்டுக் கதவைத் தட்டினாள்.

சண்டையால் நஷ்டம் வடைக்குத்தான். நோன்பாளி வாயில் வைத்து ருசி பார்க்க முடியாது. அதனால் பருப்பை ஆட்டியதும் சட்டியை அஜீஸாவிடம் நீட்டுவதுதான் அதுவரை வழக்கம். அவள் ஒரு கிள்ளு நாக்கில் வைத்து, "பத்தாது", "சரி" என்பாள். இப்போது பல்கீஸ் குத்துமதிப்பாகப் போட்டாள். எடுத்த உப்பில் பாதியைத் திரும்ப மரவையிலேயே போட்டாள். சனிக்கிழமை வடை சப்பென்று இருந்தது. ஞாயிறும் அப்படியே.

பிள்ளையை அவள் கண்ணை விட்டு அகலவிடவில்லை என்றுதான் சொல்ல வேண்டும். இடியாப்பம் கொடுக்கப் போனால் கூடவே இழுத்துப் போனாள். மத்தியானம் பருப்பு ஆட்டுகிற நேரம் மட்டும், கொல்லையில் ஆட்டுக்கல் சத்தத்தில் தூக்கம் கெடுமே என்று, முன்கட்டில் பாயைப் போட்டுப் படுக்க வைத்தாள். பிள்ளையும் சொல்லுமுன் படுத்துக் கண்ணை மூடிக்கொண்டது. முன்போல் அழுது புரள்வதில்லை. நோன்பு திறக்கிற நேரத்தில் தெரு முழுக்க எண்ணெய் மணக்கும்போதுகூட, உப்பில்லாத சோற்றை நாலு வாய் தின்றுவிட்டு எழுந்தது. பழகிவிட்டது என்று பல்கீஸ் நினைத்தாள். தாய்மார் நினைக்கிறதுதான்.

ஆனால் முகம் இறங்கவில்லை. ஒவ்வொரு நாளும் காலையில் விளக்கைப் பிடித்துக் கணுக்காலை அழுத்திப் பார்த்தாள். குழி எழும்ப எடுத்துக்கொள்ளும் நேரம் கூடிக்கொண்டே வந்தது. வாய்க்குள் யாசீன் ஓதி, குழி மேலே வருகிறவரை எத்தனை வரி என்று பார்த்தாள். திங்கட்கிழமை இரண்டு. செவ்வாய்க்கிழமை நான்கு.

செவ்வாய்க்கிழமை சாயந்தரம் சுல்தான் ராவுத்தர் வடை வாங்க வந்தார். தெருவில் முதலில் குறை சொல்கிறவரும் அவர்தான், முதலில் வாங்குகிறவரும் அவர்தான்.

"பல்கீஸு, உன் வடையில உப்பு இல்லை. பள்ளிவாசல் கஞ்சியில உப்பைத் தவிர வேற ஒண்ணுமில்லை. ரெண்டையும் சேத்துத் தின்னா ஒரு மனுசன் திங்கிற மாதிரி இருக்கு. அதனால பத்து வடை கட்டு."

"கஞ்சி உங்களுக்கும் கரிக்குதா மாமு? நான் என் நாக்குதான்னு நெனச்சேன்."

"கடல்தண்ணி கெட்டுது போ. நாளுக்கு நாள் கூடுது. காய்ச்சுற மோதினாருக்குக் கண்ணுதான் மங்கல், கையுமா மங்கிப்போச்சுனு கேட்டேன். மனுசன் கோவிச்சுக்கிறாரு. 'நான் நோன்பாளி, எனக்கென்ன தெரியும், தெனமும் ஒரு பிள்ளைய வச்சுல உப்புப் பாக்குறேன், அது பத்தாதுங்குது, போடுறேன்'ங்கிறாரு. அந்தப் பிள்ளைக்கு நாக்கு என்ன மரத்துலயா செஞ்சிருக்கு?"

"எந்தப் பிள்ளை?"

"யாரு கண்டா? வாசனை இழுத்து வந்து நிக்கிற ஏதாவது ஒண்ணு. ஏம்மா, வடை கருகுது பாரு."

வடை கருகித்தான் போயிற்று. பல்கீஸ் கரண்டியை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள். நோன்புக் கஞ்சியில் பள்ளிவாசலில் என்னென்ன போடுவார்கள் என்று அவளுக்கு மனப்பாடம். நொய்யரிசி, பாசிப்பருப்பு, வெந்தயம். உரித்த பூண்டு இரண்டு கை.

மறுநாள் மத்தியானம் அவள் ஆட்டுக்கல்லில் பருப்பைப் போடாமல் குழவியை மட்டும் சுற்றினாள். வெறுங்கல் கடகடவென்று சத்தம் போட்டது. கொஞ்ச நேரத்தில் முன்கட்டுக் கதவு மெல்லக் கிரீச்சிட்டது. பல்கீஸ் துப்பட்டியை இழுத்துப் போர்த்திக்கொண்டு பின்னால் போனாள்.

பள்ளிவாசலை ஒட்டிக் கஞ்சிக் கொட்டகை. பெண்கள் அந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை. அதனால்தான் அவள் தேடிய இடங்களில் அது மட்டும் இல்லை. நனைந்த விறகு புகைந்துகொண்டிருந்தது. அண்டாவை அகப்பையால் கிளறிக்கொண்டு நின்றார் மோதினார் சேக் தாவூது. பாங்கு சொல்வதும் அவர்தான், கஞ்சி காய்ச்சுவதும் அவர்தான். கவிழ்த்த கூடை மேல் காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள் ராபியா. கையில் சிரட்டை.

"ம், பாத்துச் சொல்லு தாயி. அவசரப்படாதே. ஊரே என்னைய ஏசுது."

ராபியா ஊதி ஊதிக் குடித்தாள். ஜவுளிக்கடையில் சேலையைத் தடவிப் பார்க்கும் ஆச்சிமார் போலத் தலையைச் சாய்த்து யோசித்தாள்.

"பத்தாது மோதினாரே."

"நெசமாவா?"

"ஒரு கை போட்டுக் கிளறிட்டு இன்னொரு சிரட்டை குடுங்க. பாத்துச் சொல்றேன்."

"மோதினாரே," என்றாள் பல்கீஸ்.

அவர் கையிலிருந்த உப்பு கையிலேயே நின்றது. "யாரு, ஜெகபர் வீட்டுப் பொம்பளையா? என்னம்மா இங்குட்டு வந்து நிக்கிறே? ஆம்பளைக தொழுகைக்கு வர்ற நேரம்."

"எம் பிள்ளைக்கு என்ன குடுக்குறீக?"

"கஞ்சிதான்மா."

"உப்புப் போட்டதா?"

"உப்புப் பாக்கத்தானே குடுக்குறேன். நான் வாயில வைக்க ஏலாது. மத்த பிள்ளைக அரை நோன்பு, முக்கா நோன்புன்னு வீராப்புப் பேசுதுக. இது ஒண்ணுதான் நோன்பில்லாம மொத ஆளா வந்து நிக்கும்."

"டாக்டரு ஒரு கல்லு உப்புக் கூடாதுன்னு சொல்லியிருக்காரு மோதினாரே."

"கஞ்சி குடுக்கலாம்னாருல்ல?" என்றார் மோதினார். குரலில் கள்ளம் இல்லை. "நீதானம்மா வீடு வீடா நின்னு சொன்னே, கஞ்சி மட்டும் குடுங்கன்னு. நான் பள்ளிவாசல்ல இருந்தே கேட்டேன். அந்தப் பேச்சை நான் மீறல. பேரீச்சம்பழம் கேட்டுச்சு, குடுக்கல. வாழைப்பழம் கேட்டுச்சு, குடுக்கல. கஞ்சியத் தவிர இந்தப் பிள்ளை கையில நான் ஒண்ணும் குடுத்ததில்லை. நீயே கேளு."

பேரீச்சம்பழம் கொடுத்திருக்கலாம். வாழைப்பழம் இரண்டாகவே கொடுத்திருக்கலாம். பல்கீஸ் அண்டாவைப் பார்த்தாள், பக்கத்திலிருந்த உப்புச் சட்டியைப் பார்த்தாள்.

பிறகு மகள் பக்கம் திரும்பி, மெல்லிய குரலில் கேட்டாள். "ஒண்ணும் திங்கலன்னு அல்லா மேல ஆணை வச்சியேடி."

"திங்கலம்மா. உப்புத்தான் பாத்தேன்."

"எத்தனை நாளா?"

"மொத நோன்புலருந்து."

"தெனமும் பத்தாதுன்னியாமே. நெசமாவே உனக்கு உப்பு ஒறைக்கலையா?"

ராபியா சிரட்டையின் உள்ளே பார்த்தாள். அடியில் ஒரு வாய்க் கஞ்சி மிச்சமிருந்தது. "மொத சிரட்டையிலயே சரியாத்தான்மா இருக்கும்," என்றாள். "சரியா இருக்குன்னு சொல்லிட்டா மோதினார் அண்டாவ எறக்கிருவாரு."

மோதினார் கையிலிருந்த உப்பைத் திரும்பச் சட்டியில் உதறினார். கிட்டே வந்து, மங்கிய கண்ணைச் சுருக்கி, பிள்ளையின் முகத்தை அப்போதுதான் சரியாகப் பார்த்தார். புறங்காலில் விரலை வைத்து அழுத்தினார். விரலை எடுத்த பிறகும் அந்த இடத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். "அஸ்தஃபிருல்லா," என்றார். "என் கையாலயா."

பல்கீஸ் மகளை அடிக்கவில்லை. சிரட்டையை வாங்கி மண்ணில் கவிழ்த்துவிட்டு அவளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். எட்டு வயதுப் பிள்ளை, தண்ணீர் கோத்த உடம்பு. கனத்தது.

மறுநாள் பள்ளிவாசல் கஞ்சியில் உப்பே இல்லை. பயத்தில் மனுசன் போடவே மறந்துவிட்டார். அதுவரை கரிக்கிறது என்று ஏசிய தெரு அன்று ஒரு வார்த்தை பேசாமல் குடித்தது. விஷயம் அதற்குள் எல்லா வீட்டுக்கும் போயிருந்தது. எப்படிப் போயிற்று என்று கேட்பதில் பிரயோசனமில்லை. நம் தெருவில் விஷயத்துக்குக் கால் உண்டு.

அந்த வியாழக்கிழமை மத்தியானமே பல்கீஸ் பருப்பை ஆட்டி முடித்து, சட்டியைத் தூக்கிக்கொண்டு அஜீஸா வீட்டு வாசலுக்கு வந்தாள். உள்ளே அஜீஸா குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை. பல்கீஸ் படியில் சட்டியை வைத்தாள்.

"அஜீஸா, உப்புப் பாரு."

"இந்த வாசல்ல காலு படாதுன்னீக."

"காலா பட்டுச்சு? சட்டிதானே படுது."

அஜீஸா குழந்தையை மடியில் மாற்றிக்கொண்டு, கையை நீட்டி ஒரு கிள்ளு மாவெடுத்து நாக்கில் வைத்தாள். வேண்டுமென்றே நேரம் எடுத்துக்கொண்டாள். எதிர்வரிசையில் மறுபடியும் காற்று தேவைப்பட்டது.

"பத்தாது," என்றாள். "உள்ள உப்பெல்லாம் உங்க வாயிலயே நின்னுபோச்சு. மாவுக்கு எறங்கல."

"எவ்வளவு போட?"

"ரெண்டு சிட்டிகை. பிள்ளை எப்படி இருக்கா?"

"நாளைக்கு எடை," என்றாள் பல்கீஸ்.

மன்னிப்பு என்று அவளும் கேட்கவில்லை, கொடுத்தேன் என்று இவளும் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை டாக்டர் வீட்டுக்கு அஜீஸாவும் கூடப் போனாள், மழைக்குக் குடை பிடிக்க ஆள் வேண்டுமே என்று. ராபியா எடை மேடையில் ஏறி நின்றாள். முள் ஆடியது. இருபத்திரண்டைத் தாண்டியது, பின்னால் வந்தது, மறுபடி தாண்டியது. பல்கீஸ் முள்ளைப் பார்க்கவில்லை, டாக்டரின் வாயைப் பார்த்தாள்.

"இருபத்திரண்டு," என்றார். "போன வாரத்து எடைதான். ஏறலை."

"எறங்கலையே."

"ஏறலைல்ல? நின்னது எறங்கும். குடுத்த ஆளைக் கண்டுபிடிச்சீங்களா?"

பல்கீஸ் அஜீஸாவைப் பார்த்தாள், பிறகு தரையைப் பார்த்தாள். "நான்தாங்க," என்றாள்.

இறங்கியது. பெருநாள் அன்று இருபத்தொன்று, தைப் பொங்கலுக்குள் இருபது. நோன்பின் மிச்ச நாட்களில் மோதினார் அண்டாவில் உப்புப் போடுமுன் ஒரு சிரட்டைக் கஞ்சியைத் தனியாக எடுத்து, மூடி, தானே வந்து பல்கீஸ் வாசலில் கொடுத்துவிட்டுப் போனார். டாக்டரைக் கேட்டு, அவர் சரி என்ற பிறகுதான் பல்கீஸ் அதை உள்ளே எடுத்தாள். ராபியா குடித்துவிட்டு ஒவ்வொரு நாளும் ஒரே தீர்ப்புச் சொன்னாள். "இதுல உப்பே இல்லை."

அடுத்த வருடத்திலிருந்து பள்ளிவாசலில் உப்புப் பார்க்கும் வேலை பிள்ளைகளுக்குக் கிடையாது. சர்க்கரை வியாதியால் நோன்பு வைக்க முடியாமல் போன சுல்தான் ராவுத்தர் அதை ஏற்றுக்கொண்டார். அவருக்கும் டாக்டர் உப்பைக் குறைக்கச் சொல்லியிருப்பதாகக் கேள்வி. நமக்கெதற்கு.

எழுபத்துநான்கில் அஜீஸாவின் புருசன் மெட்ராஸில் கடை பார்த்து, குடும்பத்தோடு போனான். மோதினார் எழுபத்தாறில் மவுத்தாகி அடங்கினார். ஜெகபர் சாதிக் பினாங்கை விட்டு வந்து ஒரு வருடம் சும்மா இருந்தான், பிறகு இடியாப்பம் பிழியக் கற்றுக்கொண்டான்.

எழுபத்தெட்டில் ராபியாவைக் காளையார்கோவிலில் கொடுத்தார்கள். மாப்பிள்ளைக்கு மளிகைக் கடை. வீடு பார்க்கப் போன பல்கீஸ் வீட்டைப் பார்த்ததைவிடக் கடை வாசலில் கிடந்த உப்பு மூட்டையைத்தான் அதிகம் பார்த்தாளாம். கூடப் போனவர்கள் வந்து சொன்னது.

கல்யாணத்துக்கு அஜீஸா மெட்ராஸிலிருந்து வந்திருந்தாள். கறி ஆணம் கொதிக்கும்போது சமையல்காரர் கரண்டியில் கொஞ்சம் ஊற்றிக்கொண்டு பெண் வீட்டுக்காரர்களைத் தேடி வந்தார். "யாராச்சும் உப்புப் பாருங்கம்மா."

பல்கீஸ் கரண்டியை வாங்கவில்லை. "அவகிட்டக் குடுங்க," என்றாள்.

அஜீஸா வாங்கிக் குடித்தாள். தலையைச் சாய்த்தாள். "பத்தாது," என்றாள். "ஒரு கை போட்டுட்டு இன்னொரு கரண்டி கொண்டாங்க. பாத்துச் சொல்றேன்."

பெண்ணை உட்கார வைத்திருந்த அறைக்குள்ளிருந்துதான் முதல் சிரிப்புக் கேட்டது. அதன் பிறகுதான் கூடம் சிரித்தது. பல்கீஸ் சிரிக்கவில்லை. வெளியே பெண்ணை அழைத்துப் போக வாடகைக் கார் வந்து நின்றிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சரியா இருக்குன்னு சொல்லு அஜீஸா," என்றாள். "அண்டாவ எறக்கட்டும்."